எந்த ஊர்த் தண்ணீர்

போன வாரம் வனஜாவைக் குளியலறைக்கு வெளியே நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். உள்ளே மகள் வைஷ்ணவி. அவள் பல்லில் அந்தப் பாட்டில் மருந்து. கதவுக்குப் பின்னால் சத்தமே இல்லை.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் கிட்டே வாருங்கள், நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா.

வனஜாவின் முதல் பெண் மூன்று வயது முடிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். பீன்யாவில், கணவர் சந்திரசேகரன் வேலை பார்த்த கம்பெனிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீட்டில். அந்தக் குழந்தையின் பெயர் வைஷ்ணவி. வனஜா சோறு தண்ணீர் இல்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அக்காவைப் பிழைக்க வைக்க வேண்டுமென்று தங்கை காந்தா, பாலக்கோட்டுப் பக்கத்து ஊரிலிருந்து தன் இளைய மகளைத் தூக்கிவந்து அவள் மடியில் போட்டாள். அதுவும் கிட்டத்தட்ட அதே வயது. பெயர் ரூபினி.

உடனே வீட்டை மாற்றினார்கள். நகரத்தின் இன்னொரு மூலையிலிருந்த அல்சூருக்கு வந்து இறங்கியபோது ரூபினி இல்லை, வைஷ்ணவிதான் இருந்தாள். பெயர், பிறந்தநாள் எல்லாமே போன குழந்தையுடையது. இவளுக்கு இது தெரியாது. பிறகு பிறந்த தம்பி அஷ்வினுக்கும் தெரியாது. வனஜா தங்கையிடம் இரண்டு சத்தியம் வாங்கியிருந்தாள். வரும்போது தனியாக வரவேண்டும், பெரிய மகளைக் கூட்டிவரக் கூடாது. அந்தப் பழைய பெயரை வாயால் சொல்லக் கூடாது.

காந்தா இன்றுவரை மீறியதில்லை.

இப்போது வைஷ்ணவிக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளை நரேஷின் அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எல்லா போட்டோலயும் பொண்ணு வாயை மூடிக்கினே இருக்குது. சிரிச்ச மாதிரி ஒண்ணு அனுப்புங்களேன்."

வைஷ்ணவியின் முன்பற்களில் பழுப்புக் கறை. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாதது. சின்ன வயதில் காய்ச்சலுக்குக் கொடுத்த மாத்திரையால் வந்தது என்று வனஜா சொல்லிவைத்திருந்தாள். காந்தா வாழ்க்கைப்பட்ட ஊரில், அங்கேயே பிறந்து அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் பலருக்கும் அதே கறை என்பது வனஜாவுக்குத் தெரியும். அதனாலேயே பல் டாக்டர் வாசலை மகளுக்குக் காட்டியதில்லை. கடைத்தெருவில் பார்லர்காரர்கள் சாமான் வாங்கும் கடையில் போய், பல்லை வெளுக்க வைக்கும் மருந்தென்று தானே ஒரு பாட்டிலை வாங்கிவந்தாள்.

அந்தப் பாட்டில்தான் இப்போது உள்ளே இருக்கிறது.

"வைஷு, கதவைத் திற."

வனஜா கதவைத் தட்டினாள்.

வியாழக்கிழமை காலை. காவேரித் தண்ணீர் விடும் நாள். சந்துக் குழாயிலிருந்து டியூப் போட்டு அஷ்வின் டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தான். அவன் கையில் போன்.

"அம்மா, காந்தா சித்தி லைன்ல."

"அப்புறம் பேசறேன்னு சொல்லு. வைஷு! திறடி!"

"இல்லம்மா, இன்னாவோ முக்கியமாம்..."

"அப்புறம்னு சொல்லுடா!"

தாழ்ப்பாள் விலகியது. வைஷ்ணவி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. வனஜா துண்டை மெதுவாக விலக்கினாள்.

ஈறு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்திருந்தது. மேலுதடு தடித்திருந்தது. பற்கள் மட்டும் அப்படியே, பழுப்பாக.

"எவ்ளோ நேரம்டி வச்சிருந்த?"

"நீ சொன்னதுக்கு மேல கொஞ்சம் வச்சேன். நல்லா புடிக்கட்டும்னு."

சத்தம் கேட்டு மேல்மாடி ஃபாத்திமா இறங்கி வந்தாள். பார்த்த உடனே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னா வனஜாக்கா இது? ஆசிட்டா? மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல டாக்டரம்மா இருக்காங்க. எங்க நாத்தனா நிக்காவுக்கு அங்கதான் பல்லை வெள்ளை பண்ணிக்கிச்சு. கூட்டிக்கினு ஓடுங்க."

"மோர் கொப்பளிச்சா அடங்கிடும் ஃபாத்திமா."

"அம்மா," என்றாள் வைஷ்ணவி. "எரியுதும்மா."

குழந்தையாக வந்த நாளிலும் அவள் இதே குரலில்தான் 'அம்மா' என்றாள். அப்போது யாரைக் கூப்பிட்டாளோ. வனஜா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

டாக்டர் ஸ்ரீவித்யாவுக்குக் கன்னடம் தாய்மொழி. தமிழும் நன்றாகவே வந்தது. முதலில் எதுவும் கேட்காமல் வாயைக் கழுவிவிட்டு, ஈறில் வழவழப்பான ஒரு மருந்தைத் தடவினாள். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

"பயப்படாதீங்க. ரெண்டு மூணு நாள்ல இந்த வெளுப்பு போய்டும். அந்த பாட்டில் எங்க?"

வனஜா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு பவர்னுகூட எழுதலை. இதையா வாயில வச்சீங்க? எங்க கையில இருக்கறதும் இதே ஜாதி மருந்துதாம்மா. ஆனா நாங்க முதல்ல ஈறு மேல ரப்பர் மாதிரி ஒண்ணைப் பூசி மூடிக்குவோம். பல்லு மேல மட்டும்தான் படும்."

"ஞாயித்துக்கிழமை விசேஷம் டாக்டர்," என்றாள் வனஜா. "அதுக்குள்ள வெள்ளையாக்கிட முடியுமா?"

"எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமை?"

வைஷ்ணவிக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. கை தானாக வாய்க்குப் போனது.

"கையை எடுங்கம்மா. எங்கிட்ட மூடி இன்னா பிரயோஜனம்?" டாக்டர் நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். "கேளுங்க. கடையில விக்கிற பேஸ்ட்டு, ஒட்டுற ஸ்ட்ரிப்பு, கரிப்பொடி, இதெல்லாம் டீக்கறை, காப்பிக்கறைக்கு ஏதோ கொஞ்சம் கேக்கும். உங்களுக்கு இருக்கிறது பல்லுக்கு மேல ஒட்டுனது இல்ல. பல்லு உண்டாகும்போதே உள்ள சேர்ந்தது."

"அப்ப போகவே போகாதா?"

"குறைக்கலாம். முதல்ல ஈறு ஆறட்டும். அப்புறம் மேல் பூச்சை ரொம்ப ரொம்ப மெல்லிசா இங்கேயே உரசி எடுப்பேன். அதுக்கப்புறம் வெளுக்க வைக்க ரெண்டு வழி. இங்க உக்கார வச்சு பவர் ஜாஸ்தியா இருக்கிற ஜெல் போடறது ஒண்ணு. சீக்கிரம் ஆகும், ஆனா பல்லு கூசும். இல்லைன்னா உங்க பல்லுக்கு அளவெடுத்து ட்ரே செஞ்சு தர்றேன். பவர் கம்மியான ஜெல்லை அதுல வச்சு, தூங்கப் போறப்ப மாட்டிக்கணும். சில வாரம் புடிக்கும். உங்க பல்லுக்கு அதுதான் நல்லது. அதுலயும் போகாத கறைன்னா அப்புறம் வேற யோசிப்போம்."

வனஜாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. எந்த ஊர் என்ற கேள்வி வரவில்லை. மருந்து, ட்ரே, வாரக்கணக்கு. இதெல்லாம் தாங்கக்கூடிய பேச்சு.

"ட்ரீட்மெண்டுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கறேன்," என்றாள் டாக்டர்.

எடுத்த படம் சுவரிலிருந்த திரையில் பெரிதாக வந்தது. ஒவ்வொரு பல்லும் உள்ளங்கை அகலம். வைஷ்ணவி தன் வாயை இத்தனை பெரிதாகப் பார்த்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் மட்டும் உற்றுப் பார்த்தாள். பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இங்க பாருங்க, சக்கத்தா, அவ்வளவு தெளிவா இருக்கு. முன்பல்லுல கறை. இந்த முதல் கடைவாய்ப்பல்லுல கறை. அதுக்கு முன்னாடி இருக்கிறதும் பின்னாடி இருக்கிறதும் சுத்தம். பாலு மாதிரி."

"அதனால இன்னா டாக்டர்?" என்றாள் வைஷ்ணவி.

"ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு வயசுல உள்ள உண்டாகும். கறை இருக்கிறதெல்லாம் கைக்குழந்தையா இருக்கறப்ப உண்டானது. சுத்தமா இருக்கிறது அதுக்கப்புறம் உண்டானது. ஃப்ளோரைடு ஜாஸ்தியான போர் தண்ணி குடிச்சா இப்படி ஆகும். ஓடி விளையாடற வயசு வரைக்கும் ஒரு ஊர்த் தண்ணி. அப்புறம் வேற ஊர்த் தண்ணி." டாக்டர் திரும்பிச் சிரித்தாள். "நீங்க எந்த ஊர்லேர்ந்து வந்தீங்க?"

"நான் எங்கேர்ந்தும் வரலையே. பொறந்ததுலேர்ந்து அல்சூர்தான்."

"அல்சூரா? காவேரித் தண்ணியா?"

"ஆமா."

"அப்படின்னா ஒத்து வரலையே." டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள். "தர்மபுரி, கிருஷ்ணகிரி, அந்தாண்ட பாவகடா. அங்கல்லாம் பொறந்து வளர்ந்தவங்ககிட்டதான் இந்த மாதிரி நிறைய பார்ப்பேன்."

"மாத்திரை டாக்டர்," என்றாள் வனஜா. குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. "சின்ன வயசுல காய்ச்சல். மாத்திரை குடுத்தோம். அதனாலதான்."

"மாத்திரைக் கறை சாம்பல் நிறத்துல பட்டை பட்டையா வரும்மா. இது அது இல்ல."

வைஷ்ணவி திரையைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தாள். அது பையின் பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

வனஜா இந்தப் பக்கம் ஒரு வழியைத் தேடினாள், அந்தப் பக்கம் ஒரு வழியைத் தேடினாள். கிடைத்ததை எடுத்துப் போட்டாள்.

"போர் தண்ணிதான் டாக்டர். இப்பதான் ஞாபகம் வருது. பீன்யாவுல இருக்கறப்ப போர் தண்ணிதான் குடிச்சோம். அதுவாத்தான் இருக்கும்."

"பீன்யாவா? இருக்கலாம், சொல்ல முடியாது," என்று டாக்டர் விட்டுவிட்டாள். அவளுக்கு அடுத்த ஆள் காத்திருந்தார்.

வைஷ்ணவி விடவில்லை.

"நாம பீன்யாவுல இருந்தமா?"

அம்மாடி வனஜா, ஒரு பொய்யை மூடப்போய் உண்மையில் பாதியைத் திறந்துவிட்டாயே.

திரும்பி வரும்போது வனஜா வேகமாக நடந்தாள். தலைக்கு மேலே மெட்ரோ தடதடத்துக்கொண்டு போனது. வைஷ்ணவி வாயைத் துப்பட்டாவால் மூடியபடி பக்கத்தில் வந்தாள். பேசினால் வலித்தது. ஆனாலும் பேசினாள்.

"அப்பா வேலைக்குப் போனதுதான் பீன்யா. தினம் பஸ்ல போய்ட்டு வருவாருன்னு சொல்வ. நாம குடியிருந்தோம்னு ஒருநாளும் சொன்னதில்ல."

"கொஞ்ச நாள்தான்டி. அதைப் போயி யாரு சொல்லிக்கினு இருக்கிறது?"

"எனக்கு ஒண்ணு ஞாபகம் இருக்கும்மா. ஒரு அடிபம்பு. அடிக்க அடிக்கக் கீச்சு கீச்சுன்னு கத்தும். என்னைவிடக் கொஞ்சம் பெரிய பொண்ணு ஒண்ணு கம்பியைப் புடிச்சுத் தொங்கித் தொங்கி அடிக்கும். நான் கீழ கையை ஏந்திக்கினு நிப்பேன். கனவுன்னே நெனச்சிருந்தேன். அது பீன்யாவா?"

கோயில் வாசலில் பூக்காரி கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை முழம் என்று கேட்டாள். வனஜா காதில் வாங்காமல் நடந்தாள்.

"அம்மா, அது பீன்யாவா?"

"ஆமா," என்றாள் வனஜா.

சொல்லிவிட்டதும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்தாள். ஆகவில்லை. ஒரு வைஷ்ணவியை மண்ணில் வைத்துவிட்டு வந்தவள் அவள். அதே பெயரை இன்னொரு முறை பறிகொடுக்கத் தெம்பில்லை. ஞாயிறு தாண்டட்டும், பூ வைத்துவிட்டுப் போகட்டும், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்படித்தான் அவள் பல வருஷமாக ஒவ்வொரு ஞாயிறாகத் தாண்டி வந்திருக்கிறாள்.

வீட்டில் சந்திரசேகரன் தூங்கி எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இப்போது ஓர் அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி வேலை அவருக்கு. நல்ல மனிதர். சட்டென்று பொய் சொல்ல மட்டும் அவருக்கு வராது. மனைவியின் கதையை இத்தனை வருஷம் அவர் காப்பாற்றியது பேசாமல் இருந்துதான்.

"ஐயையோ, இன்னாம்மா வாய் இப்படி வீங்கியிருக்குது?"

"அது ஆறிடும்ப்பா." வைஷ்ணவி அவர் எதிரில் உட்கார்ந்தாள். அம்மா செருப்பைக் கழற்றி உள்ளே வருவதற்குள் கேட்டுவிட்டாள். "அப்பா, பீன்யா வீட்டுல அடிபம்பு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"அங்க ஏதும்மா அடிபம்பு?" அவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். "கம்பெனி டேங்கர்ல காவேரித் தண்ணி கொணாந்து விடுவாங்க. அதுக்குத்தான் சண்டை நடக்கும். நான்தான் குடத்தை எடுத்துக்கினு..."

நிமிர்ந்தார். வாசலில் நின்ற வனஜாவின் முகத்தைப் பார்த்தார்.

டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாப்பா இது, நாம பீன்யாவாசிங்களா?" என்று அஷ்வின் உள்ளே வந்தான். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. "பேஜாரு பண்ணாதீங்க, எங்கிட்ட யாருமே சொல்லல."

"அஷ்வின், இங்க வா," என்றாள் வைஷ்ணவி. "ஈ காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடா."

அவன் பல்லை இளித்தான். வரிசையாக, இளந்தேங்காய்ப் பத்தை போல வெள்ளை. "வேணும்னா என் பல்லைப் போட்டோ எடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிடலாம். கண்டுபுடிக்கவா போறாங்க?"

ஒரே குழாய். ஒரே டிரம். ஒரே அம்மா கையால் மொண்டு கொடுத்த தண்ணீர். வைஷ்ணவி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதின் ஓர் ஓரத்தில் என்னவோ அசைந்தது. அது இன்னும் கேள்வியாகக்கூட ஆகவில்லை.

வெளியே டிரம் நிரம்பித் தண்ணீர் சந்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்பா, டேங்கர் தண்ணின்னு நீ சொல்ற. போர் தண்ணின்னு அம்மா சொல்லுது. அடிபம்பும் பீன்யாதான்னு சொல்லுது. யாரு சொல்றது நெஜம்?"

"வைஷு, வாய் வலிக்கும், பேசாத," என்றாள் வனஜா.

"எனக்கு வலிக்கல. நீ சொல்லு."

வனஜா வாயைத் திறந்தாள். என்ன சொல்லியிருப்பாளோ, எனக்கே தெரியாது. இன்னொரு பொய்யோ, அல்லது இத்தனை நாள் தொண்டைக்குள் வைத்திருந்ததோ. அஷ்வின் நடுவில் பேசிவிட்டான்.

"ஆங், மறந்தே போய்ட்டேன் பாரு. காலைல சித்தி போன் பண்ணுச்சே. ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கலையாம், பஸ் ஏறிட்டாங்களாம். பொம்மனஹள்ளில ஏதோ கம்பெனில இன்டர்வியூவாம் அவங்க பொண்ணுக்கு. அதையும் கூட்டிக்கினு வராங்களாம்."

"யாரை?" என்றாள் வனஜா.

"அதான், நாம பார்த்ததே இல்லையே, ரக்ஷிதாக்கா."

சந்திரசேகரன் எழுந்து கதவுப் பக்கம் போனார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. அதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது.

முதலில் ஏறி வந்தது ஒரு பெண். தோளில் பெரிய பை. வைஷ்ணவியைவிடக் கொஞ்சம் மூத்தவள்.

"பெரியப்பா, தண்ணி தெருவெல்லாம் ஓடுதே, யாரும் பாக்கலையா? எங்க ஊர்லன்னா இதுக்கு வெட்டுக்குத்தே நடக்கும்!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அவள் கை வாயை மூட மேலே எழுந்தது. பை இடித்தது. கை பாதியிலேயே நின்றது.

வைஷ்ணவி பார்த்தாள்.

முன்பற்களில் பழுப்பு. அதே நிறம். நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பார்த்த அதே பழுப்பு. மறைக்க எழுந்த கையும் அதே கை.

எங்கோ அடிபம்பு கீச்சிட்டது போலிருந்தது அவளுக்கு. திரும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றாள். குளிர்ந்த கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழக்கூடாது, முதலில் யோசிக்க வேண்டும் என்று நினைத்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் காந்தா மூச்சிரைக்கப் படியேறி வந்து சேர்ந்தாள். கையில் பெண்ணுக்கென்று வாங்கிய புடவைப் பொட்டலம். அறையில் நின்றவர்களின் முகத்தை அவள் பார்க்கவில்லை. திறந்திருந்த ஜன்னல் கதவின் கண்ணாடியில் தெரிந்த அந்த வீங்கிய உதட்டை மட்டும்தான் பார்த்தாள். பெற்றவளுக்குச் சத்தியமெல்லாம் எந்த நேரத்தில் ஞாபகம் இருக்கும், சொல்லுங்கள்.

பொட்டலம் கீழே விழுந்தது.

"ஐயோ ரூபி! வாயில என்னடி ஆச்சு?"

அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் எப்போதும் சொன்னதில்லை. ஜன்னலோரம் நின்றவளுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது.

ஆனாலும் அவள் திரும்பினாள்.

"என்ன?" என்றாள்.